சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொரோனா வந்தபோது: உங்கள் அனுபவம் என்ன?

சாம்பல்பூனை:
2021, அப்பா. ஆக்சிஜன் இறங்கியதும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள், மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. காலையில் வெறும் வயிற்றில் மட்டும் சர்க்கரை பார்ப்பார்கள். 130, 140 என்று வரும். ‘கன்ட்ரோலில் இருக்கிறது’ என்பார்கள். ஒருநாள் சாயங்காலம் வீடியோ காலில் வந்தார். தாகம் தாங்காமல் பையில் இருந்த குளுக்கோமீட்டரில் தானே குத்திப் பார்த்திருக்கிறார். அதை கேமரா முன்னால் நீட்டி, “என்னப்பா இது, நம்பரே வரல?” என்றார். திரையில் ‘ஹை’ என்று மட்டும் இருந்தது. அந்த மீட்டரில் 600-ஐத் தாண்டினால்தான் அப்படி வரும். பிழைத்துவிட்டார். ஆனால் காலை எண்ணை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடுப்பக்கம்:
இப்படி எழுதினால் படிக்கிறவர்கள் ஸ்டீராய்டே வேண்டாம் என்பார்கள். இந்த மருந்தைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வின் முடிவு 2020 ஜூனில் வந்தது. தினம் 6 மில்லிகிராம் கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உங்கள் அப்பா பிழைத்ததே அதனால் இருக்கலாம்.

சாம்பல்பூனை:
மருந்தை யார் குறை சொன்னது? ஸ்டீராய்டு அதிகம் ஏற்றுவது சாப்பிட்ட பிறகுள்ள சர்க்கரையை. மதியமும் மாலையும் பார்க்காமல் விட்டதைச் சொன்னேன்.

ஊசிக்காரன்:
இங்கே எல்லோரும் டைப் 2 பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு டைப் 1, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. காய்ச்சல், வாந்தி, ஒன்றும் இறங்கவில்லை. போனில் ஆலோசனை சொன்னவர், “சாப்பிடலைன்னா இன்சுலின் போடாதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது. டைப் 1-காரன் அடிப்படை இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும், பட்டினி கிடந்தாலும் ஏறும். நான் நிறுத்தவில்லை, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் முதல் அலையில் எடுத்த கணக்கில், வயது முதலியவற்றைக் கழித்துப் பார்த்தாலும் சர்க்கரை இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் மருத்துவமனையில் இறக்கும் வாய்ப்பு டைப் 2-க்குச் சுமார் 2 மடங்கு, டைப் 1-க்குச் சுமார் 3.5 மடங்கு.

வேப்பமரம்:
என் மாமியாருக்கு மீட்டரில் 190 தான். ஆனால் மூச்சு வேகவேகமாக வாங்கியது. கொரோனா நுரையீரலைப் பிடித்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. அவர் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரை எதுவானாலும், காய்ச்சலில் சாப்பாடு இறங்காத நாட்களில் அதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் உடனே கேளுங்கள். சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாவது) வரலாம், அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல் கீட்டோனும் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, பேதி என்று உடம்பில் நீர் வற்றினால் மெட்ஃபார்மினைப் பற்றியும் கேளுங்கள். அப்புறம் அந்த ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்று அதே ரெகவரி ஆய்வுதான் சொன்னது, நடுப்பக்கம் அதை விட்டுவிட்டார். வீட்டிலேயே வாங்கி விழுங்கியவர்கள் எத்தனை பேர்! கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் கருப்புப் பூஞ்சை அதிகம் வந்தது. ஒரு பக்க முக வலி, கண் வீக்கம், இரட்டைப் பார்வை, மூக்கில் கறுப்பாக வடிதல், இதில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

ஓரக்கண்:
எங்கள் அத்தைக்கு ஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண், 6.7. போய்விட்டார். அதே வீட்டில் 10-க்கு மேல் வைத்திருந்த மாமா வெறும் இருமலோடு எழுந்துவிட்டார். துக்கத்துக்கு வந்தவர் ஒருவர் என் காதுபட, “சர்க்கரையைச் சரியா பார்த்திருக்க மாட்டாங்க” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

நடுப்பக்கம்:
ஃபிரான்சின் கொரோனாடோ ஆய்வில் பழைய ஏ1சி-க்கும் நோய் முற்றியதற்கும் தொடர்பு தெரியவில்லை, உடல் எடைக்குத்தான் தெரிந்தது. ஆனால் சீனாவின் ஹூபேயில் பார்த்தபோது, மருத்துவமனையில் சர்க்கரை 70-லிருந்து 180-க்குள் நின்றவர்களில் 1.1% பேர் இறந்தார்கள், அதைத் தாண்டியவர்களில் 11%.

ஓரக்கண்:
நோய் கடுமையாக இருந்தால் சர்க்கரை தானாகவே ஏறாதா? அப்படியென்றால் எது எதற்குக் காரணம்?

நடுப்பக்கம்:
சரி, அது நியாயமான கேள்வி. அந்த ஆய்வை வைத்து மட்டும் பதில் சொல்ல முடியாது.

புதுவரவு:
எனக்குச் சர்க்கரையே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். கொரோனா வார்டில் முதல் முறையாக இன்சுலின் போட்டார்கள். ஸ்டீராய்டை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார்கள். மாதங்கள் கழித்துப் பார்த்தால் ஏ1சி 7.1. முன்பே இருந்து எனக்குத் தெரியாமல் போனதா, கொரோனா கொண்டுவந்ததா? டாக்டர் மருந்துச் சீட்டை எழுதியபடியே, “ரெண்டுக்கும் மாத்திரை ஒண்ணுதான்” என்றார். இங்கே வேறு யாருக்காவது இப்படி ஆரம்பித்து, பிறகு இறங்கியிருக்கிறதா?