மாடல் பாய்மரப் படகு கிட்: கீல் வளைவு, அணியத்தில் எழும்பும் பலகை

துடுப்பு:
வணக்கம். ஒற்றைப் பாய்மரப் படகு மாடல், அளவு 1:50, இரட்டை அடுக்குப் பலகை. கீல் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) 5 மி.மீ. பிளைவுட், சட்டங்கள் (அதன் குறுக்கே விலா எலும்பு போல நிற்பவை) 11. முதல் அடுக்குக்கு 1.5 × 5 மி.மீ. பாஸ்வுட் பட்டை, மேல் அடுக்குக்கு 0.5 மி.மீ. வால்நட். சட்டங்களைக் கோத்துப் பார்த்ததோடு சரி, எதையும் இன்னும் ஒட்டவில்லை.

நேரான ஸ்கேலை வைத்தால் கீல் நடுவில் 2 மி.மீ. வளைந்திருக்கிறது. ஒரு பட்டையைச் சட்டங்கள் மேல் வைத்து வளைத்தால் நடுவில் நன்றாகப் படிகிறது. அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு வரும்போது ஒரு விளிம்பு சட்டத்தை விட்டு எழும்புகிறது. அழுத்திப் பிடித்து ஆணி அடித்தால் உட்கார்ந்துவிடுமா? விளக்கத்தாளில் "தேவையான அளவு குறுக்கவும்" என்று ஒரு வரிதான் இருக்கிறது. எவ்வளவு குறுக்குவது, எப்படிக் கணக்கிடுவது? முடித்த பிறகு தண்ணீரில் விடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஓடாவி:
ஒட்டாமல் நிறுத்தியது மிகவும் நல்லது. சட்டங்கள் ஏறிய பிறகு கீல் வளைவை எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

குழிந்திருக்கும் பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். ஈரம் பட்ட முகம் விரிவதால் வளைவு நிமிரும். உடனே இரண்டு நேரான கனத்த பலகைகளுக்கோ அலுமினிய ஆங்கிள்களுக்கோ நடுவில் வைத்து, நீளம் முழுக்க கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். உலர்வதற்குள் கழற்றினால் பழைய வளைவு திரும்பிவிடும். கடைசியில் அரை மி.மீ. மிச்சமிருந்தால் கவலை வேண்டாம்; சட்டங்களுக்கு இடையில் கீலின் இருபுறமும் சிறு கட்டைகளை ஒட்டும்போது அதுவும் நேராகிவிடும்.

சட்டங்களை ஒட்டும்போது ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மையத்திலிருந்து விளிம்பு வரை 40 மி.மீ. உள்ள சட்டம் ஒரு டிகிரி திரும்பினால், விளிம்பு 0.7 மி.மீ. முன்னாலோ பின்னாலோ போய்விடும். இரண்டு பக்கமும் எதிரெதிர்த் திசையில் போவதால் படகின் இடமும் வலமும் வெவ்வேறு வடிவமாகும். மேல்தள பிளைவுட்டை அதன் காடிகளில் பசையில்லாமல் உட்காரவைத்துக்கொண்டு ஒட்டினால் சட்டங்கள் தாமாகவே நேராக நிற்கும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: கீலின் பின்முனை, அதாவது சுக்கான் மாட்டும் கட்டைக்கு முன்னால் உள்ள பகுதி. இரண்டு அடுக்கும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 2 மி.மீ., இரு பக்கத்துக்கு 4 மி.மீ. அங்கே கீலை 5 மி.மீ. கனத்திலேயே விட்டால் படகின் பின்முனை 9 மி.மீ. ஆகிவிடும், அதன் பின்னால் 5 மி.மீ. சுக்கான் ஒட்டாமல் தனியாகத் தெரியும். கடைசி ஒன்றிரண்டு சட்டங்களின் அடிமுனைகளை இணைத்துக் கீலில் ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோட்டிலிருந்து பின்முனை வரை இருபுறமும் படிப்படியாகச் சீவி, முனையில் 1 மி.மீ. மட்டும் விடுங்கள். இதைச் சட்டங்களை ஒட்டுவதற்கு முன் செய்தால் உளிக்கு இடம் கிடைக்கும்.

மூலைமட்டம்:
ஓடாவி சொன்னதற்கு மேல் பலகை விஷயம்.

அழுத்தி ஆணி அடிக்காதீர்கள். விளிம்பு எழும்புவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சட்டங்களின் ஓரம் இன்னும் சரிவாகச் சீவப்படாமல் இருப்பது. மற்றொன்று, பட்டையை அதன் அகலவாக்கில் வளைக்கப் பார்ப்பது. 5 மி.மீ. அகலப் பட்டை தட்டையாக எளிதில் வளையும், பக்கவாட்டில் வளையாது. வற்புறுத்தினால் முறுக்கிக்கொண்டு ஒரு விளிம்பு தூக்கும். ஆணியடித்து அமுக்கிய பட்டையின் மேல் அடுத்த பட்டை இன்னும் தூக்கும். ஐந்தாறு வரிசைக்குள் அணியம் முழுக்கப் படிக்கட்டாகிவிடும்.

முதலில் சரிவு. முன்பாதிச் சட்டங்களில் முன்விளிம்பையும், பின்பாதிச் சட்டங்களில் பின்விளிம்பையும் மட்டுமே சீவ வேண்டும். படகின் நடுவைப் பார்த்திருக்கும் விளிம்பில் பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கோடு அழியக்கூடாது. நீளமான கட்டையில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சட்டங்கள் மேல் படுமாறு தேயுங்கள். தனித்தனியாகத் தேய்த்தால் மேடுபள்ளம் விழும். லேசர் வெட்டில் கருகிய ஓரமும் இதோடு போய்விடும். கரி மேல் பசை சரியாகப் பிடிக்காது. பட்டையை வைத்துப் பார்க்கும்போது சட்டத்தின் முழுக் கனத்திலும் அது படிய வேண்டும், ஓரத்தில் மட்டும் தொட்டு நின்றால் சீவல் போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்து கணக்கு. ஒரு காகிதப் பட்டையை நடுச்சட்டத்தின் மேல் மேல்தள விளிம்பிலிருந்து கீல் வரை சுற்றி அளவெடுங்கள். 95 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 95 ÷ 5 = 19 வரிசை. அதே அளவு அணியத்தில் 62 மி.மீ. என்றால் 62 ÷ 19, அதாவது ஒவ்வொரு பட்டையும் முன்முனையில் சுமார் 3.3 மி.மீ. இருக்க வேண்டும். இப்படி எல்லாச் சட்டங்களிலும் அளந்து, அந்தந்தச் சட்டத்தின் மேலேயே 19 கோடுகள் போட்டுவிடுங்கள். பட்டையை வைத்ததும் எங்கே எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும்.

பட்டையின் அகலத்தைப் பாதிக்குக் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். மெல்லிய நுனி ஆணிக்குப் பிளக்கும், வளைக்கும்போது ஒடியும். கணக்கு அதற்குக் கீழே வந்தால் இரண்டு பட்டைகளை ஒன்றாக இணைத்து வரிசையைக் குறையுங்கள். பின்பக்கத்தில் எதிர்ப் பிரச்சினை வரும். அங்கே 110 மி.மீ. இருந்தால் 19 பட்டைகள் 95 மி.மீ. மட்டுமே மூடும்; மிச்சம் 15 மி.மீ. அதை மூன்று ஆப்புப் பட்டைகளால் நிரப்ப வேண்டும். இடைவெளியை மூடப் பட்டைகளை இழுத்து வளைத்துவிடாதீர்கள். இயல்பாக எங்கே விலகுகிறதோ அங்கே விலகட்டும், ஆப்பு அங்கே போகட்டும்.

வளைப்பதற்கு, குறுக்கி முடித்த பட்டையை வெதுவெதுப்பான நீரில் 15–20 நிமிடம் ஊறவைத்து, அணியத்தின் வளைவிலேயே கிளிப் போட்டு உலரவிடுங்கள். உலர்ந்த பிறகே பசை. ஊறிய மரம் சற்று உப்பியிருக்கும். ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி, பட்டைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி திறக்கும். இடம் ஒரு பட்டை, வலம் ஒரு பட்டை என்று மாற்றி மாற்றி ஒட்டுவது கட்டாயம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால், நிமிர்த்திய கீல் மீண்டும் வளையும்.

துடுப்பு:
இருவருக்கும் நன்றி, இப்போது புரிகிறது. பசை எது? சூப்பர் குளூ வேகமாக ஒட்டுகிறதே, அதையே முழுக்கப் பயன்படுத்தலாமா?

ஓடாவி:
முதல் அடுக்குக்கு வெள்ளை மரப்பசையே நல்லது. சட்டத்தின் மேலும், பக்கத்துப் பட்டையின் விளிம்பிலும் தடவுங்கள். அது இறுகுவதற்குள் பட்டையை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். சூப்பர் குளூவில் அந்த அவகாசம் இல்லை. முன்முனையைச் சட்டென்று பிடிக்கவைக்க ஒரு துளி போதும்.

முதல் அடுக்கில் சின்னப் பள்ளங்களை மரப்புட்டி வைத்து நிரப்பி, 120, பிறகு 180 நம்பர் உப்புத்தாளால் மழுமழுவென்று தேயுங்கள். 0.5 மி.மீ. வால்நட் எதையும் மறைக்காது. அடியில் உள்ள மேடு அப்படியே மேலே தெரியும். கண்ணை நம்பாமல் விரல்நுனியால் தடவிப் பாருங்கள். மேல் அடுக்கைத் தேய்க்கும்போது கையை அடக்குங்கள், 240இல் தொடங்குங்கள். 120 போட்டால் சில இழுப்பில் வால்நட் தேய்ந்து அடியிலுள்ள வெள்ளை மரம் எட்டிப்பார்க்கும். மேலே வழியும் பசையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், முக்கியமாக சூப்பர் குளூ பரவவே கூடாது. அது ஊறிய இடத்தில் வார்னிஷ் ஏறாது, திட்டாக நிற்கும்.

சுக்கான்:
தண்ணீரில் விடுவது பற்றி: இந்த வகைக் கிட் காட்சிக்கு வைப்பதற்கானது. தண்ணீருக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

காரணம் ஒழுகல் மட்டும் அல்ல. படகின் அளவைக் குறைக்கும்போது காற்று அதைச் சாய்க்கும் விசைத்திருப்பம் (திருப்பும் வலு) நீளத்தின் மும்மடியாகக் குறைகிறது. நிமிர்த்தும் விசைத்திருப்பமோ நான்மடியாகக் குறைகிறது. ஆகவே அசல் படகு தாங்கும் அதே காற்றில், 1:50 மாடல் அசலை விட 50 மடங்கு எளிதாகச் சாயும். ஓடுவதற்கென்றே செய்யும் மாடல்களில் ஆழமான துடுப்புக் கீலும் அதன் அடியில் ஈயக் குமிழும் வைப்பது இதனால்தான். அதோடு உள்ளும் புறமும் எபாக்ஸி பூசவேண்டும். சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் இளகிவிடும். உங்கள் கிட்டில் கீல் பிளைவுட்டை வெட்டி இதையெல்லாம் பொருத்தினால் கீலின் வலுவே போய்விடும்.

ஓட்டும் ஆசை இருந்தால் அதற்கென்று வடிவமைத்த, ஒரு மீட்டர் நீளத்துக்குப் பக்கமான கிட்டைத் தனியாக எடுங்கள். இந்தப் படகுக்குப் பலகை அடிப்பதற்கு முன்னாலேயே தாங்கியின் திருகு வரும் இரு இடங்களில் கீலின் பக்கவாட்டில் கட்டை ஒட்டி, நட்டுகளைப் புதைத்துவிடுங்கள். பலகை மூடிய பிறகு உள்ளே கை போகாது.