ரஷ்யன்ல மாமாவும் சித்தப்பாவும் ஒண்ணா?

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைங்க, அக்கா பையன் ரஷ்யாவுல டாக்டருக்குப் படிக்கறான், போன்ல என்னை 'த்யாத்யா'ங்கறான், அவன் சித்தப்பாவையும் அதேதான்! எப்படிங்க?

பதில்: ரெண்டுக்கும் அதாங்க. ரஷ்யன், உக்ரைன் மொழியெல்லாம் பொறந்த பழைய ஸ்லாவிக்ல அப்பாகூடப் பொறந்தவர் 'ஸ்த்ரிய்', தாய்மாமன் 'உய்'. மேற்கு உக்ரைன்ல 'ஸ்த்ரிய்கோ', 'வுய்கோ'னு பிரிச்சு சொல்றவங்க இன்னும் இருக்காங்க.

பதில் (கிருஷ்ணகிரி): இலக்கணம்தான் கூத்து. 'த்யாத்யா' பெண்பால் சொல் மாதிரி வேற்றுமை ஏத்துக்கும், ஆனா 'என் மாமா'ன்னா, 'என்'னுக்கு ஆண்பால் 'மொய்'தான், பெண்பால் 'மயா' வராது. உக்ரைன்ல கூப்பிடறப்ப 'வுய்கோ' 'வுய்கு' ஆயிடும், நம்ம விளி வேற்றுமையேதான்.

கேட்டவர்: அது சரி, காதுகுத்துக்கு அங்க யாரு மடியில உக்கார வைப்பாங்க?