புது லினக்ஸ் நிறுவும்போது தானாக வரவேண்டிய ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) எது: பிடிஆர்எஃப்எஸ்ஸா, இஎக்ஸ்டி4ஆ?

நெல்லை_லினக்ஸ்:
லினக்ஸ் வகைகள்ல ஒண்ணான ஃபெடோராவுல, 2020-ல வந்த 33 முதல் டெஸ்க்டாப் பதிப்புல பிடிஆர்எஃப்எஸ்தான் தானா வருது. உபுண்டு, டெபியன் வகைகள்ல இன்னும் இஎக்ஸ்டி4. நான் ஃபெடோரா கட்சி. இஎக்ஸ்டி4 போட்ட அப்பாவோட லேப்டாப்ல இருந்து தங்கச்சி கல்யாணப் படங்களை எடுத்தேன். ஒரு படத்துல மாலை வரைக்கும் சரியா இருக்கு, அதுக்குக் கீழ முழுக்கச் சாம்பல் பட்டை. பேக்கப்பைத் திறந்தா அதுலயும் அதே பட்டை. இஎக்ஸ்டி4 மெட்டாடேட்டாவுக்குத்தான் (ஃபைல் பேரு, இடம் மாதிரி விவரம்) செக்சம், அதாவது கெட்டுப்போச்சான்னு காட்டுற சரிபார்ப்பு எண், பார்க்கும்; ஃபைலுக்குள்ள இருக்குறதுக்குப் பார்க்காது. கெட்டதை நல்லதுன்னே எடுத்துக் கொடுத்திருக்கு.

கயல்:
படிக்கவே கஷ்டமா இருக்குண்ணா. ஆனா லேப்டாப்ல இருக்குறது ஒரே டிஸ்க். கெட்டுப்போச்சுன்னு பிடிஆர்எஃப்எஸ் எரர் கொடுக்கும், சரி. திருப்பித் தர இன்னொரு பிரதி எங்க இருக்கு? நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில வேலை பார்க்கிறேன். சில மலிவான டிஸ்க், எழுதி முடிக்காமலே முடிச்சிட்டேன்னு சொல்லிடும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனா பிடிஆர்எஃப்எஸ் மவுண்டே ஆகாம, அதாவது டிஸ்க்கே திறக்காம, நின்னுடலாம். அதோட ரிப்பேர் கட்டளையோ, விவரம் தெரிஞ்சவங்க சொல்லாம என்னைப் பயன்படுத்தாதேன்னு தானே எச்சரிக்குது. இஎக்ஸ்டி4-ன்னா எஃப்எஸ்சிகேங்கிற ரிப்பேர் கட்டளையை ஓட்டி, சில ஃபைலை லாஸ்ட் ஃபவுண்ட் ஃபோல்டர்ல போட்டாவது பெரும்பாலும் எழுப்பிடலாம்.

நெல்லை_லினக்ஸ்:
அந்த எரர்தாம்மா எனக்கு வேணும்! அது வந்த அன்னைக்கு பேக்கப்ல நல்ல பிரதி இருந்திருக்கும். கெட்ட ஃபைல் அதுமேல போய் உட்கார்ந்திருக்காது.

சர்வர்_மணி:
இடத்தையும் பாருங்க. முன்னாடி ஃபெடோராவுல ரூட் (சிஸ்டம் இருக்குற பகுதி) நிரம்பி அப்டேட் நிக்கும், பக்கத்துல ஹோம் (நம்ம ஃபைல் இருக்குற பகுதி) காலியா கிடக்கும். இப்ப பிடிஆர்எஃப்எஸ்ல ரெண்டுக்கும் ஒரே இடம். அந்த வரைக்கும் நல்ல முடிவு. ஆனா டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) இமேஜ் வச்சா ஃபைல் துண்டு துண்டாகி வேகம் படுத்துடும். ஃபெடோரா சர்வர் பதிப்பே எக்ஸ்எஃப்எஸ்ங்கிற வேற ஃபைல் சிஸ்டத்துலதான் இருக்கு. ரெட் ஹேட் நிறுவனம் 2019-ல வெளியிட்ட தன்னோட லினக்ஸின் எட்டாம் பதிப்புல பிடிஆர்எஃப்எஸ்ஸையே எடுத்துட்டாங்க.

கயல்:
பேக்கப் வச்சிருக்கிறவங்க கேட்டா நானே பிடிஆர்எஃப்எஸ் போட்டுத் தர்றேன். ஆனா கேட்காமலே வர்றது இஎக்ஸ்டி4-ஆத்தான் இருக்கணும். பேக்கப்னா என்னன்னு தெரியாதவங்கதான் அங்க எதையும் மாத்தாம ‘அடுத்து’, ‘அடுத்து’ன்னு அழுத்திட்டுப் போறாங்க.

நெல்லை_லினக்ஸ்:
எங்கப்பாவும் அப்படித்தான் அழுத்தினார். பட்டை விழுந்த அந்த டிஸ்க் அதுக்கப்புறமும் பத்து மாசம் ஓடிச்சு. முதல் பிழையிலேயே தெரிஞ்சிருந்தா, மீதிப் படங்களை வேற டிஸ்க்குக்கு மாத்த எங்களுக்கு அத்தனை நாள் இருந்துச்சும்மா.