பக்கத்து நிலத்தில் பெரிய மனை, அடுக்ககம், சிறு மனை கலந்த குடியிருப்பு: ஊர் ஆதரவைத் தீர்மானமாக எழுதுவது எப்படி?

கண்மாய்க்கரை:
மதுரைக்கு வெளியே ஊராட்சி எல்லைக்குள் 180 வீடுகள் உள்ள நகர். தெற்கே ஒட்டினாற்போல 6 ஏக்கரில் புது மனைப்பிரிவு வருகிறது. பெரிய மனைகள், நடுத்தர மனைகள், ஒரு மூலையில் மூன்று மாடி அடுக்ககம், நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகள் எல்லாம் அதில் உண்டு. வரைபடம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறது, அனுமதி இன்னும் ஆகவில்லை. சங்கத்தில் பாதிப் பேர் வரட்டும் என்கிறார்கள். மற்றவர்களுக்கு மழைத்தண்ணீர் பயம், லாரி பயம். "சிறு மனை வந்தா நம்ம இடத்து விலை இறங்கிடும்" என்ற பேச்சும் ஓடுகிறது. ஆதரித்துத் தீர்மானம் போடலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். அதில் நிபந்தனை வைக்கலாமா? யாரிடம், எப்போது கொடுப்பது? கருத்துக்கேட்புக் கூட்டம் என்று ஏதும் நடக்குமா?

அளவுச்சங்கிலி:
கருத்துக்கேட்புக்குக் காத்திருக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடம், நகரியம் இரண்டுக்கும் அதிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதன் தீர்மானம் டிடிசிபியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சாலையையும் பூங்காவையும் தானமாக வாங்கப்போவது ஊராட்சி. வாங்குகிறவர் "இப்படி இருந்தால் நல்லது" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

நேரம்தான் முக்கியம். முதலில் சாலை அமைப்பு முடிவாகும். பிறகு சாலையும் பூங்கா இடமும் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்குப் பதிவாகும். அதற்குப் பிறகு இறுதி அனுமதி, ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, விற்பனை. தானப் பத்திரம் பதிவாகிவிட்டால் பூங்காவை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தச் சொல்லிப் பயனில்லை. நீங்கள் கேட்க வேண்டியதெல்லாம் இந்த வாரங்களில்தான்.

சட்டம் என்ன தருகிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். 6 ஏக்கர் என்றால் 24,281 சதுர மீட்டர். 10,000ஐத் தாண்டிவிட்டதால் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாலை நீங்கலாக மீதியில் 10 சதவீதம் பொது ஒதுக்கீட்டு இடம், அதாவது ஓஎஸ்ஆர். அதற்குப் பதில் பணம் கட்டிவிட்டுப் போகும் வழி இந்த அளவுக்குக் கிடையாது. இன்னொரு 10 சதவீதம் ஈடபிள்யூஎஸ் மனை, அதாவது நலிந்த பிரிவினருக்கான சிறு மனை. சாலைக்கு 30 சதவீதம் போகும் என்று வைத்தால் மீதி 420 சென்ட். அப்படியென்றால் பூங்காவுக்கு 42 சென்ட், சிறு மனைகளுக்கு 42 சென்ட். ஒரு சிறு மனை 600 சதுர அடி என்றால் சுமார் 30 குடும்பம். இதைச் சங்கக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஊரே நிரம்பி வழியப்போகிறது என்ற பேச்சு எண்ணைப் பார்த்ததும் அடங்கும்.

வடிகால்:
மழைத்தண்ணீர் பயம் நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டு ஆதரவு கேட்டால் கிடைக்காது.

10 செ.மீ. மழை பெய்தால் அந்த 6 ஏக்கரில் மட்டும் சுமார் 24 லட்சம் லிட்டர் விழும். இன்று அதில் பெரும்பகுதியை மண் குடிக்கிறது. நாளை தார்ச்சாலையும் சிமென்ட் தரையும் வந்தால் ஓடித்தான் ஆக வேண்டும். அதோடு மனையை விற்கும் முன் இரண்டு மூன்று அடி கிராவல் கொட்டி மேடாக்குவது வழக்கம். அப்போது பழைய நகர் பள்ளமாகிவிடும். தகராறு எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கும்.

அதனால் முதல் நிபந்தனை மட்டம். புதுச் சாலையின் முடிந்த மட்டம் உங்கள் தெற்குத் தெருவின் மட்டத்துக்கு மேலே எத்தனை செ.மீ. என்று வரைபடத்திலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். இரண்டாவது, புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்ற பதிவு) வருவாய்த் துறையின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று மெல்லிய இரட்டைக் கோடு இருந்தால், இன்று அது தூர்ந்து கருவேலம் முளைத்திருந்தாலும் வாய்க்கால்தான். அதன் குறுக்கே சாலை போகும் இடத்தில் 300 மி.மீ. குழாயைப் புதைத்துவிட்டுப் போவார்கள். ஒரு மழையில் சேறும் பாலித்தீன் பையும் போய் அடைத்துக்கொள்ளும், உள்ளே கையும் போகாது. மூடியைத் தூக்கி வாரக்கூடிய சிறு பாலமாகக் கேளுங்கள்.

மூன்றாவது, பூங்காவைத் தாழ்ந்த பக்கத்தில் கேளுங்கள். 42 சென்ட்டையும் ஒரு அடி தாழ்த்தினால் ஏறத்தாழ 5 லட்சம் லிட்டர் தற்காலிகமாக நிற்கும். ஊஞ்சலும் சறுக்கும் இருக்கும் பகுதியை மட்டும் மேடாக விடலாம். அதற்கு முன் ஒரு மீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, மறுநாள் பாருங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் அப்படியே நிற்கும். அங்கே வெளியேற்றும் வழியும் வேண்டும், இல்லாவிட்டால் கொசுப் பண்ணைதான்.

கண்மாய்க்கரை:
நன்றி. சிறு மனை விஷயத்தில் இன்னும் இழுபறி. நடுவில் மதில் கட்டித் தந்தால் ஒப்புக்கொள்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள்.

பொதுச்சுவர்:
அந்த நிபந்தனையை எழுதவே எழுதாதீர்கள். ஊராட்சிக்குத் தானமாக வந்த சாலை பொதுச்சாலை. அதில் கேட் போடவோ குறுக்கே சுவர் எழுப்பவோ யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் மதுரைப் பக்கம் சுவர் என்றால் சாதிச் சுவர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முப்பது குடும்பங்களை முதல் நாளே வேறாக்கிவிட்டு, பிறகு குப்பைக்கும் தண்ணீருக்கும் ஒன்றாக நின்று ஊராட்சியைக் கேட்க முடியாது.

மாறாக இதைக் கேளுங்கள். சிறு மனைகளைக் கடைசி மூலையில், வாய்க்கால் ஓரமாகத் தள்ளுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அவை மற்ற மனைகளைப் போல அதே சாலையைப் பார்த்து இருக்க வேண்டும், அந்தச் சாலை உங்கள் தெருவோடு இணைய வேண்டும். இன்னொரு ஓட்டையும் உண்டு: பக்கத்துப் பக்கத்து இரண்டு சிறு மனையை ஒருவரே வாங்கி ஒரே வீடாகக் கட்டுவது. விதிப்படி இவற்றை இணைக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது. ஈடபிள்யூஎஸ் மனை எண்களைத் தீர்மானத்திலேயே எழுதிவைத்தால், நாளை கட்டட அனுமதிக்கு விண்ணப்பம் வரும்போது ஊராட்சியில் பார்த்துத் தடுக்கலாம். அங்கீகரித்த வரைபடம் ரெரா தளத்தில் ஏறிவிடும், எண்களை யாரும் சரிபார்க்கலாம்.

விலை பயத்துக்கு என் பதில்: இடத்தின் விலையைக் குறைப்பது முழங்கால் தண்ணீரும் குண்டும் குழியுமான சாலையும்தான். இரண்டுக்கும் இந்த வரைபடத்திலேயே தீர்வு வாங்க முடியும்.

அளவுச்சங்கிலி:
ஒன்று சேர்க்கிறேன். கையெழுத்து வேட்டைக்கு முன் தெருவுக்கு ஒரு கூட்டமாகப் பத்துப் பதினைந்து வீட்டை உட்கார வைத்துப் பேசுங்கள். பெரிய கூட்டத்தில் பெண்களும் வாடகைக்கு இருப்பவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். லாரிக்குத் தனியாக ஒரு பத்தி: வேலை முடியும்வரை டிப்பர் எந்த வழியாக வரும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, உடைந்த தெருவை யார் போடுவது. ஆரம்பிக்கும் முன் தெருவைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

தீர்மானத்தின் முதல் வரி "ஆதரிக்கிறோம்" என்றே தொடங்கட்டும். பிறகு "கீழ்க்கண்டவை வரைபடத்தில் இடம்பெற வேண்டுகிறோம்" என்று மட்டம், வாய்க்கால், பூங்கா, இணைப்புச் சாலை, சிறு மனை எண்கள், லாரி வழி. ஒரே பக்கத்துக்குள் முடியுங்கள். கிராம சபைக்குக் குறைவெண் (கோரம்) உண்டு, அதாவது குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை என்றால் 200 பேர் வர வேண்டும், ஆள் திரட்டாமல் போகாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதியதைப் பார்த்த பிறகு எழுந்து வாருங்கள். நகலை டிடிசிபி மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் படியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.