வைஃபை டிரைவரை ஏற்றும்போதெல்லாம் 512 கேபி மெமரி போகிறது, உதவி தேவை

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)
வணக்கம். இங்கே தென்னந்தோப்புகளில் போர்வெல் நீர்மட்டம் பார்க்க, லினக்ஸ் ஓடும் சின்ன போர்டுகள் வைத்திருக்கிறோம். கரண்ட் போய் வந்தால் யுஎஸ்பி வைஃபை நின்றுவிடும்; ஸ்கிரிப்ட் அதன் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) இறக்கி மறுபடி ஏற்றும். ஒவ்வொரு தடவையும் சுமார் 512 கேபி குறைகிறது, திரும்புவதில்லை. டிரைவர் வைஃபை சிப்புக்கு அனுப்பும் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பு 400 கேபிதான். கடைசியில் போர்டே நின்றுவிடுகிறது. கோடையில் அளவு வராவிட்டால் மோட்டாரை எப்போது நிறுத்துவது என்று தோட்டக்காரருக்குத் தெரியாது.

டிரைவர் கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) வந்ததல்ல, சிப்போடு தந்த சோர்ஸ். இன்னொன்று: புதிய ஃபர்ம்வேர் கோப்பை வைத்து ஏற்றினாலும் லாகில் பழைய பதிப்பு எண்ணே வருகிறது. ரீபூட் செய்தால்தான் மாறுகிறது. இது வேறு பிரச்சினையா?

பதில் (வாளையார்)
400 கேபி கோப்புக்கு 512 போவதே நல்ல தடயம்ங்க. கெர்னலின் ஃபர்ம்வேர் லோடர் கோப்பை விமாலாக் என்ற மெமரி ஒதுக்கும் முறையில் படிக்கும். அங்கே 4 கேபி பக்கக் கணக்கில்தான் கூடும். கேமாலாக் என்ற இன்னொரு முறை பெரிய துண்டைப் பக்கங்களின் இரட்டிப்பு அளவில் தரும்: 256, அடுத்தது 512. ஆகவே டிரைவர் கேமாலாக்கில் தனக்கென ஒரு நகல் எடுத்து விடாமல் வைத்திருக்க வேண்டும்.

கேமெம்லீக் (விடாமல் போன மெமரியைத் தேடும் கெர்னல் கருவி) சேர்த்து கெர்னலை பில்ட் செய்யுங்கள். டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலைச் சோதிக்கும் கோப்புகள் இருக்கும் இடம்) உள்ள அதன் கோப்பில் முதலில் ‘கிளியர்’ எழுதி, டிரைவரை இறக்கி ஏற்றி இறக்கி, சில நொடி விட்டு ‘ஸ்கேன்’ எழுதுங்கள். புதிதாகப் பிறந்த துண்டை அது உடனே சொல்லாது, அதனால் ஸ்கேனை இரண்டு தடவை ஓட்டுங்கள்.

கேட்டவர்
இரண்டு வகை வருகிறது. பெரியதன் பேக்ட்ரேஸில் (அழைப்பு வந்த வழி) கேமெம்டப், அதாவது நகல் எடுக்கும் ஃபங்ஷன். இன்னொன்று சில பைட்டுகள்தான், ஃபர்ம்வேரைக் கேட்டு வாங்கும் ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர் வழியாக. இந்தச் சின்னதை விட்டுவிடலாமா?

பதில் (வாளையார்)
விடக்கூடாது, உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையே அதுதான். வாங்கியதை விடுவிக்கும் ரிலீஸ்_ஃபர்ம்வேரை டிரைவர் அழைக்காததால் லோடரின் பட்டியலில் பழைய தரவு இன்னும் பிடியில் இருக்கிறது. அதே பெயரைக் கேட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் அதையே எடுத்துக் கொடுக்கும். பட்டியல் அதைச் சுட்டிக்கொண்டிருப்பதால் கேமெம்லீக்குக்கு அது கசிவாகவே தெரியாது. அதன் மேலே உள்ள சின்ன ஸ்ட்ரக்ட் (தரவைச் சுட்டும் சிறு அமைப்பு) மட்டும் சிக்கும்.

டிரைவரில், ஃபர்ம்வேர் கோப்பின் ஹெடர் (தலைப்பகுதி) சோதனை தவறினால் நேராக ரிட்டர்ன் ஆகிற இடங்களையும் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே வெளியேறும் லேபிளுக்குக் கொண்டுபோய் அங்கே ரிலீஸ்_ஃபர்ம்வேர் போடுங்கள். நல் (வெற்றுச் சுட்டி) வந்தாலும் அது தாங்கும். நகலை விடுவிக்க, சாதனம் பிரியும்போது ஓடும் டிஸ்கனெக்டில் கேஃப்ரீ போடுங்கள்.

கேட்டவர்
இரண்டும் சேர்த்தாயிற்று. ஸ்கேனில் எதுவும் வரவில்லை, புதிய பதிப்பு ரீபூட் இல்லாமலே ஏறுகிறது. மிக்க நன்றி அண்ணா.

பதில் (பொள்ளாச்சி)
தோப்புக்கு அனுப்பும் போர்டுகளில் கேமெம்லீக் இல்லாத கெர்னலையே போடுங்கள். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் தனிக் குறிப்பு வைப்பதால் அதுவே மெமரி தின்னும், வேகமும் குறையும்.