புரொஜெக்டர் போட 7 நிமிஷமா?

சுண்ணாம்புக்கட்டி: "45 நிமிஷ பீரியட்ல 20 நிமிஷம் வீடியோ, மிச்சத்துல பாடம். வீடியோவும் நேரடிப் பாடமும் கலந்து நடத்துற கலப்புக் கற்றல் அவ்வளவு ஈசி"ன்னு ஒருத்தர் இங்க அளந்துட்டுப் போயிருக்காரு. மேலூர்ப் பக்கம் ஒரு வகுப்பறைய எட்டியாவது பாத்தாரா? புரொஜெக்டர்ல படம் தெரியவே 7 நிமிஷம் ஆகும்.

வைகை_வடகரை: அளந்தது நான்தான். லாம்பு சூடாக ஒரு நிமிஷம்கூட ஆகாது. 7 எங்கருந்து வந்துச்சு?

சுண்ணாம்புக்கட்டி: லாம்பு மட்டும் எரிஞ்சா போதுமா? லேப்டாப்புலருந்து படமும் சத்தமும் கொண்டு போற ஹெச்டிஎம்ஐ வயரச் செருகுனதும் சத்தம் ஸ்பீக்கர விட்டுட்டு புரொஜெக்டருக்குப் போயிரும், அத மாத்தணும். மேக்க பாத்த ஜன்னலுக்கு அட்டை வைக்கணும், இல்லாட்டி திரை வெளுத்துரும். நடுவுல கரண்ட் போனா லாம்பு ஆறுற வரைக்கும் மறுபடி எரியாது. 7.

கணக்குப்புலி: அண்ணே, வீடியோவ வகுப்புல போடுறதே வேலையத்த வேலை. 2007ல அமெரிக்காவுல கொலராடோவுல பெர்க்மன், சாம்ஸ்னு ரெண்டு வேதியியல் வாத்தியாருங்க விளக்கத்த வீட்டுக்கு அனுப்பிட்டு, பயிற்சிய வகுப்புல செய்ய வச்சாங்க. கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்கு டிவிடி.

சுண்ணாம்புக்கட்டி: இங்க வீட்டுக்கு ஒரு போன். அதுவும் விடியுமுன்ன அப்பாகூட மாட்டுத்தாவணிக்குப் போயிரும். டிவிடிய எதுல போட, அம்மியிலயா?

உசிலைக்காளை: கலப்புக் கற்றலா, கலப்புக் கற்பித்தலா? அத முதல்ல முடிவு பண்ணுங்கப்பா.

வைகை_வடகரை: காளை, ஓரமா நில்லுங்க. 2018லருந்து பாடப்புத்தகத்துல கியூஆர் கோடு இருக்கு. தீக்ஷாங்கிற அரசுப் பாடச் செயலியில வீடியோவ முதல் நாளே இறக்கி வச்சா வகுப்புல நெட்டே வேணாம். ஓம் விதிக்கு 5 நிமிஷம் ஓட்டி நிறுத்தணும். "மின்னழுத்தம் மாறாம மின்தடை ரெண்டு மடங்கானா மின்னோட்டம் என்னாகும்?"னு கேட்டு, நோட்டுல எழுத வச்சிட்டுத்தான் மிச்சத்த ஓட்டணும். இதுக்கு என்ன 7 நிமிஷப் புலம்பல்?

சுண்ணாம்புக்கட்டி: புலம்பலா? ஒரே போன் ஹாட்ஸ்பாட்ல 40 பேருக்கு க்விஸ் வைக்கச் சொன்ன மகராசன் பேசுறாரு. பெரும்பாலான போன்ல பத்துப் பேருக்கு மேல ஏறாது. அந்த இழையில வாயே தெறக்கல, மறந்துருச்சோ?

வைகை_வடகரை: அது வேற விவாதம்.

உசிலைக்காளை: ஓரமா நில்லுன்னா? மருதக்காரவுகளுக்கு மட்டுந்தான் வாயா?

கணக்குப்புலி: சீலிங்ல மாட்டி, வயரச் செருகியே வச்சா 2 நிமிஷம்ணே.

சுண்ணாம்புக்கட்டி: மாட்டுங்க தம்பி. ரிமோட் ஹெச்.எம். ரூம் பீரோவுல இருக்கும். 7.

வைகை_வடகரை: அப்ப அது பீரோ தெறக்குற நேரம், புரொஜெக்டர் நேரமில்ல.

சுண்ணாம்புக்கட்டி: பீரோ சாவி யாருகிட்ட இருக்குன்னு கேளுங்க, 9 ஆயிரும்.