சுவிஸில் முதல் லீவா? ஒரே ஒரு மலைக் கிராமத்தில் போய் உட்காருங்கள்

புதிதாக சூரிக், பாசல் பக்கம் வந்தவர்கள் முதல் கோடை லீவுக்கு யுங்ஃபிராவ், டிட்லிஸ், லுசெர்ன், ரைன் அருவி என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடைக்கப் பார்க்கிறீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கேட்கவே வேண்டாம், பாவம், அவர்கள் பாதி நேரம் ரயில் மாறுவதிலேயே களைத்துப் போகிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். ஒரே கிராமம், குறைந்தது நான்கு ராத்திரி, கார் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது குவார்டா. கிராபுண்டன் மாநிலத்தில், கீழ் எங்கடினில், 1653 மீட்டர் உயரத்தில் வெயில் விழும் சரிவில் இருக்கிறது. லாண்ட்குவார்ட்டில் சிவப்பு ரயில் ஏறினால் 1999இல் திறந்த 19 கிலோமீட்டர் வெரைனா சுரங்கத்தைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் இறக்கிவிடும், அங்கிருந்து மேலே ஊருக்கு மஞ்சள் போஸ்ட்ஆட்டோ பஸ். பாதிக் கட்டணத்தில் பயணிக்க உதவும் ஹால்ப்டாக்ஸ் அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள். பிள்ளைகளுக்கு 30 பிராங்க் யூனியர் அட்டை எடுத்தால் 16 வயது வரை அப்பாவோடோ அம்மாவோடோ வருஷம் முழுக்கப் பயணம் இலவசம்.

ஊரின் அழகே அந்த வீடுகள்தான். தடித்த கல் சுவர், உள்ளே போகப்போகக் குறுகும் சின்ன ஜன்னல், வண்டியே நுழையும் அளவு பெரிய வளைவுக் கதவு. சுவரில் அடர்நிறக் காரை பூசி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, அது காயும் முன் சுரண்டிச் சுரண்டிப் பூவும் அலையும் வட்டமுமாக வரைந்திருக்கிறார்கள், கோலம் போட்ட கை உள்ளவர்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்றுவிடுவார்கள். இதையெல்லாம் கெடாமல் காத்ததற்காக 1975இல் இந்த ஊருக்கு வாக்கர் பரிசு என்னும் சுவிஸ் பாரம்பரியப் பாதுகாப்புப் பரிசு கொடுத்தார்கள். ஆனால் உள்ளே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், இது காட்சிக்கூடம் இல்லை. ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது, வெட்டாத புல்வெளியில் இறங்கிப் படம் எடுப்பது எல்லாம் வேண்டாம். அந்தப் புல் அவர்கள் மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம். எதிரே வருகிறவருக்கு ஒரு ‘அல்லேக்ரா’ (இந்தப் பக்கத்து வணக்கம்) சொல்லுங்கள், முகம் மலரும்.

சாப்பாடுதான் எல்லோரும் கேட்பது. ஃபெரியன்வோனுங், அதாவது சமையலறையோடு வாடகை வீடு, எடுங்கள். படுக்கை விரிப்பும் கடைசிச் சுத்தம் செய்யும் கட்டணமும் வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், பல இடங்களில் தனி. குர்டாக்ஸே என்று தலைக்கு ஒரு வரியும் வரும். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், பால் காய்கறியைப் பள்ளத்தாக்கின் பெரிய ஊரான ஷ்குவோலில் சனிக்கிழமைக்குள் வாங்கி விடுங்கள். குக்கர் அவசியம்! அந்த உயரத்தில் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. அடுப்பு இண்டக்‌ஷனா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மரப்பலகை அடித்த அறைகள், தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாசனை பலகையில் ஏறினால் போகாது.

வெளியே சாப்பிடும் சைவர்கள் கவனம்: பார்லி சூப்பிலும், கீரை இலையில் மாவைச் சுருட்டிச் செய்யும் காபுன்ஸிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். உருளைக்கிழங்கை மாவோடு வெண்ணெயில் வறுத்து ஆப்பிள் கூழோடு தரும் மாலுன்ஸ் கேளுங்கள், பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.

நடக்க, போஷ்ச்சா குக்கிராமம் வழியாக ஆர்டேட்ஸ் வரை போகும் பாதை போதும். நின்று நின்று போனாலும் இரண்டு மணி நேரம், திரும்ப ரயில் இருக்கிறது. மஞ்சள் பலகை மட்டும் என்றால் சாதாரணப் பாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை, நல்ல ஷூ வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை பக்கம் குடும்பத்தோடு போகவே போகாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுவிடம் நெருங்காதீர்கள், நம் ஊர்ப் பழக்கத்தில் கன்றைத் தடவப் போய்விடுவோம், தாய் முட்டிவிடும். வேண்டிய தூரம் விட்டுச் சுற்றிப் போங்கள். கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம், காலையிலேயே கிளம்புங்கள்.

அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் வீடு பிடிக்கும்போதே சொல்லுங்கள், தெருக்கள் கல் பாவிய சரிவு. ஊர் சுற்ற முடியாத நாளில் ஷ்குவோல் போகலாம், அங்கே தெருக் குழாய்களிலேயே கனிமநீர் ஊற்று வரும். வெந்நீர்க் குளியலுக்கும் போகலாம், ஆனால் சவுனா பகுதிக்குள் இங்கே துணியில்லாமல்தான் இருப்பார்கள், தெரிந்துகொண்டு போங்கள், பெரியவர்கள் திடுக்கிட வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. மலையில் விழுந்து ஹெலிகாப்டர் வந்தால் கட்டாய மருத்துவக் காப்பீடு மீட்புச் செலவில் பாதிதான் தரும், அதுவும் வருஷத்துக்கு 5000 பிராங்க் வரைதான். கூடுதல் காப்பீடு உங்களிடம் இருக்கிறதா பாருங்கள், பெற்றோரின் பயணக் காப்பீட்டில் மலை மீட்பு உண்டா என்றும் படியுங்கள். ரேகா என்னும் வான்வழி மீட்புச் சேவையின் எண் 1414, போனில் ஏற்றி வையுங்கள்.

காலம்: ஏப்ரல்-மே, நவம்பரில் பல விடுதிகள் மூடியிருக்கும். மார்ச் 1இல் போனால் பிள்ளைகள் மணியடித்துக் குளிர்காலத்தை விரட்டும் சலாண்டமார்ட்ஸ் விழாவைப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள் அக்டோபரில் போங்கள், லார்ச் மரங்கள் பொன்னாக மாறியிருக்கும், அறைக்கு மட்டும் இப்போதே எழுதிவிடுங்கள்.